லைலாக் தோட்டம்: ஒரு குட்டி பாலேவும் உங்கள் கேள்விகளும்

ஆங்கிலேய நடன அமைப்பாளர் ஆண்டனி ட்யூடர் அமைத்த ‘லைலாக் தோட்டம்’ என்ற பாலே பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதினேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாலே பக்கமே போகாதவர்களும் கேட்டிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பாலே என்றால் அன்னம், இளவரசன், மந்திரவாதி என்றுதான் தெரியும். இதில் கதை என்ன? (முதல்முறை பார்க்கப் போகிறவர்)

மந்திரவாதி கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்து, ஒரு வீட்டுத் தோட்டம், கல்யாணத்துக்கு முன் ஒரு விருந்து. கரோலின் விரும்புவது ஒருவனை, கட்டிக்கொள்ளப் போவது வேறொருவனை. அந்த மாப்பிள்ளைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அந்தப் பெண்ணும் விருந்துக்கு வந்து நிற்கிறாள். ஆளுக்கொரு நிமிடம் தனிமை கிடைத்தால் போதும் என்று நால்வரும் தவிக்கிறார்கள். அந்த நிமிடம் வாய்க்கும்போதெல்லாம் யாராவது விருந்தாளி குறுக்கே வந்துவிடுகிறார். பாத்திரப் பட்டியலைப் பாருங்கள்: பெயர் இருப்பது கரோலினுக்கு மட்டும். மற்றவர்கள் ‘அவள் காதலன்’, ‘அவள் மணந்தாக வேண்டியவன்’, ‘அவன் கடந்தகாலத்தில் ஓர் அத்தியாயம்’. அந்த ‘மணந்தாக வேண்டியவன்’ என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது.

இசை இந்த பாலேவுக்காகவே எழுதியதா? (வயலின் கற்கும் மாணவி)

இல்லை அம்மா. பிரெஞ்சு இசையமைப்பாளர் எர்னஸ்ட் ஷோஸோன் 1896இல் எழுதிய ‘போயம்’ அது. தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும். வயலின் மேதை யூஜின் இஸாய் ஒரு கான்செர்ட்டோ கேட்டார். அவ்வளவு பெரிய உருப்படி தன்னால் ஆகாது என்று ஷோஸோன் இதை எழுதிக் கொடுத்தார். நீங்கள் வாசிப்பவர் என்பதால் சொல்கிறேன், தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா அடித்தொண்டையில் முனகிவிட்டு ஓய்கிறது. பிறகு துணை ஏதுமில்லாமல் வயலின் மட்டும் வருகிறது. கூட்டத்தில் ஒருத்தி தனக்குள்ளே பேசிக்கொள்வது போல இருக்கும்.

இதைப் பதிப்பித்த கதையும் அழகு. பதிப்பகம் தயங்கியபோது, நண்பர் அல்பேனிஸ் ஷோஸோனுக்குத் தெரியாமல் தன் கைக்காசைக் கொடுத்து அச்சேற்றினார். ஷோஸோன் பணக்காரர்தான், அவருக்குக் குறைவாக இருந்தது தன்னம்பிக்கை. மூன்றே வருடத்தில், 1899இல், சைக்கிள் விபத்தில் இறந்துபோனார்.

முகபாவத்தில்தான் சோகத்தைக் காட்டுவார்களா? நம் அபிநயம் மாதிரியா? (பரதம் சொல்லிக்கொடுப்பவர்)

நேர் எதிர் டீச்சர். நாம் நாயகியின் மனத்தைக் கண்ணிலும் கையிலும் விரித்துக் காட்டுகிறோம். இங்கே நாயகி அதை மறைத்தாக வேண்டும், சுற்றிலும் விருந்தாளிகள். அதனால் முகம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். முதுகும் தோளும்தான் பேசும். தொடக்கத்திலேயே ஒன்று பாருங்கள். கரோலின் மாப்பிள்ளை அருகில் நிற்கும்போது காதலன் வருகிறான். அவள் கை மட்டும் ‘போய்விடு’ என்கிறது.

பாலேயில் சுழல்வதற்கு முன் கால்களைத் தயார் செய்துகொள்வது பார்ப்பவருக்குத் தெரியும். ட்யூடர் அதைத் தெரியவிடக் கூடாது என்பார். விருந்தில் நிற்பவள் ‘இதோ சுற்றப் போகிறேன்’ என்று அறிவிப்பாளா? ஆடுகிறவர்களுக்கு இது உயிர் போகிற வேலை.

நடுவில் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்களாமே, ஏன்? (கோவை வாசகர்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இசை உச்சத்துக்கு ஏறி, முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக முழங்குகிற இடம். வேறு யாராக இருந்தாலும் அங்கே எல்லோரையும் குதிக்கவிட்டிருப்பார்கள். ட்யூடர் நிறுத்திவிட்டார். கரோலின் துவண்டு மாப்பிள்ளை கையில் சாய்கிறாள், மேடையே சிலையாகிறது, இசை மட்டும் ஓடுகிறது. பிறகு அவள் மட்டும் அந்தச் சிலைக்கூட்டத்திலிருந்து விலகி, தூக்கத்தில் நடப்பவளைப் போல நகர்கிறாள். மறுபடி வந்து அதே கையில் சாய்கிறாள். எல்லோரும் அசையத் தொடங்குகிறார்கள், எதுவுமே நடக்காதது போல. வீடியோவில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்; இன்னும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

ட்யூடர் கசாப்புக் கடைக்காரராமே? (பெயர் வேண்டாம் என்றவர்)

கடைக்காரர் இல்லை. லண்டனின் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையில் குமாஸ்தா. இருபது வயதை நெருங்கும்போதுதான் மேரி ராம்பெர்ட்டிடம் பாலே கற்கவே வந்தார். 1936 ஜனவரியில், லண்டன் மெர்குரி தியேட்டரின் குறுகலான மேடையில் இது அரங்கேறியது. மாப்பிள்ளையாக ஆடியவர் அவரேதான். காதலன் ஹியூ லெய்ங், கரோலின் மாட் லாய்ட். ‘அத்தியாயம்’ பெக்கி வான் பிராக். இவர்தான் பின்னாளில் ‘ஆஸ்திரேலிய பாலே’ குழுவின் முதல் கலை இயக்குநர். அந்த மேடையின் நெருக்கடி இந்தக் கதைக்கு வசதியாகப் போயிற்று என்பது என் எண்ணம். ஒதுங்க இடமில்லாத தோட்டம்!

கடைசியில் சேர்ந்துவிடுவார்களா? (பொறுமையில்லாத ஒருவர்)

மாட்டார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கரோலின் போய்விடுகிறாள், சரியாக விடைபெறக்கூட முடியாமல். காதலன் நமக்கு முதுகைக் காட்டியபடி தோட்டத்தில் தனியாக நிற்கிறான், திரை இறங்கும்வரை.