போர் நடக்கும் இடத்தில் காடும் விலங்குகளும் பெருகும் என்கிறார்களே, உண்மையா?

தேர்வுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மனிதன் நுழையாத இடத்தில் காடு செழிக்கும் என்று எழுதினால் மார்க் கிடைக்கும். என் மாமனார் முன்னால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாமா இலங்கையின் மன்னார்க்காரர். 1990ல் படகேறி வந்து, மண்டபம் வழியாகப் புதுச்சேரியை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தவர். வில்பத்துக் காட்டோரம் மாடு மேய்த்து வளர்ந்தவர். அந்தத் தேசியப் பூங்காவைச் சண்டை காரணமாக எண்பதுகளில் மூடினார்கள். 2003ல் திறந்து, 2006ல் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் இறந்ததும் மறுபடி மூடி, 2010ல்தான் திறந்தார்கள். ஆளில்லாத காடு மிருகங்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று ஒருநாள் கேட்டேன். "வெடிக்கு ஆள் எது ஆனை எது எண்டு தெரியுமே தம்பி?" என்றார். ராத்திரி சத்தம் கேட்டால், அடுத்து வருவது அழுகையா பிளிறலா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்களாம்.

போன மாதம் அவரை ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போனோம். நாமக்கோழியைப் பார்த்ததும் என் பையன் கரைப் புல்லுக்குள் ஓடினான். "நில்லடா ராசா, கால் வைக்காத!" என்று கத்தியவர், தார் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை. செருப்பு நுனி ரோட்டு விளிம்பில் அப்படியே நின்றது. நான்தான் போய்த் தூக்கி வந்தேன். பயல் கையில் ஒரு பீர் பாட்டில் மூடி. பறவைகள் சரணாலயமாம்.

உடனே கொரியாவைக் காட்டுவார்கள், தெரியும். இரு நாட்டுக்கும் நடுவே 4 கிலோமீட்டர் அகலப் பட்டையில் அபூர்வக் கொக்குகள் வாழ்கின்றன, சரி. ஆனால் அங்கே போர் 1953லேயே நின்றுவிட்டது, வேலிதான் மிச்சம். சண்டை ஓடிக்கொண்டே இருந்த இடம் வேண்டுமென்றால் மொசாம்பிக்கின் கோரோங்கோசா தேசியப் பூங்காவைப் பாருங்கள். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறைச்சிக்கும் தந்தத்துக்கும் சுட்டுத் தள்ளியதில், சுமார் 2,500 யானைகள் 250க்கும் கீழே போயின. தந்தமில்லாத பெண் யானைகளே அதிகம் தப்பியதால், பிறகு பிறந்த பெண் குட்டிகளிலும் பல தந்தமில்லாமலே வளர்ந்தன (ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு).

நான் விலங்கியல் படித்தவன் அல்ல, பைக் மெக்கானிக். மாமா சொன்ன பிறகு தேடிப் படித்ததுதான் இதெல்லாம். தப்பிருந்தால் திருத்துங்கள். ஆனால் 'அகதிக் கதை சொல்லி லைக் வாங்குகிறான்' என்று யாரும் வரவேண்டாம். என் மனைவி இங்கேயே பிறந்தவள். ஒரு வங்கியில் கணக்குத் தொடங்க மூன்று மாதம் நடந்தோம். ஒவ்வொரு முறையும் "எந்த நாடு?" என்ற கேள்விதான். நாலாவது முறை போனபோது சீட்டில் வேறு ஆள் இருந்தார். பத்தே நிமிடத்தில் முடிந்தது.