மஜூரோவில் ஒரு கிறிஸ்துமஸ்

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். பி.எட். முடித்த கையோடு எங்கள் சபையின் தன்னார்வத் திட்டத்தில் ஓராண்டுக்கு பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளுக்கு வந்திருக்கிறேன். தலைநகர் மஜூரோவில் சபைப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். தங்க இடமும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் தருகிறார்கள், சம்பளம் கிடையாது. கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் புருவத்தை மட்டும் தூக்குவார்கள். அது 'ஆமாம்' என்று புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

இப்போது விடுமுறை. கூட இருந்த அமெரிக்க ஆசிரியர்கள் ஹவாய்க்குப் போய்விட்டார்கள், எனக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை. அம்மா முந்திரிக்கொத்து சுடும் சத்தத்தை போனில் கேட்கவைக்கிறார், அழுகை வருகிறது. அதைவிடப் பெரிய குழப்பம், அந்தக் காலத்தில் நம் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வந்த மாதிரி நான் இங்கே வந்து நிற்கிறேனோ என்பதுதான். ஜூனில் கிளம்பிவிடுவேன். இதனால் யாருக்கு என்ன பயன்?

ஜெ., மஜூரோ

அன்புள்ள ஜெ.,

முதலில் அழுது முடித்துவிடுங்கள், முந்திரிக்கொத்துக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு இரவு 12 ஆகும்போது நாகர்கோவிலில் மாலை 5.30தான். உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பிறந்த பிறகும் அம்மா அடுப்படியில்தான் நிற்பார்.

அப்புறம், அறையில் அடைந்து கிடக்காதீர்கள். கிறிஸ்துமஸை அவர்கள் அளவுக்குக் கொண்டாடுகிறவர்கள் குறைவு. 'ஜெப்தா' என்று குழு குழுவாகப் பிரிந்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, 25ஆம் தேதி ஒவ்வொரு குழுவும் கோயிலுக்குள் ஆடிக்கொண்டே நுழைந்து, பாடி, கூட்டத்துக்கு மிட்டாயை வீசி, மரம் மாதிரி செய்த ஒன்றுக்குள் பணத்தை ஒளித்துவைத்து எல்லார் முன்னாலும் திறந்து சபைக்குக் கொடுக்கும். உங்கள் சபைக்கு இந்த வழக்கம் இல்லையென்றாலும் பரவாயில்லை, உங்கள் வகுப்புப் பிள்ளை யாராவது எந்தக் கோயிலில் ஆடுகிறது என்று விசாரித்துப் போங்கள். கேள்விக்குப் புருவத்தைத் தூக்கிவிட்டுச் சும்மா இருக்கும் அதே பிள்ளை அங்கே உங்கள் கையைப் பிடித்து, அடி தப்பினால் திருத்தும்.

சரி, வெள்ளைக்காரர் கேள்வி. இந்தத் தீவுகளுக்கு முதல் மிஷனரிகள் வந்தது 1857இல், ஏபோன் என்ற தீவுக்கு. அவர்கள் வந்த 'மார்னிங் ஸ்டார்' கப்பல் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் போட்டு வாங்கியது. சில ஆண்டுகளில் ஹவாய்த் தீவுக்காரர்களே ஆசிரியர்களாக வந்தார்கள். ஹவாய்க்கே மிஷனரிகள் போனது 1820இல்தான். நம் திருநெல்வேலிக்காரர்கள் 1903இல் சொந்தமாக ஒரு மிஷனரி சங்கம் தொடங்கி தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆகவே வெள்ளையர் அல்லாதவர் பைபிளோடு இன்னொரு ஊருக்குப் போவது புதிதில்லை, ஆனால் தோலின் நிறம் மாறியதால் உங்கள் கேள்வி தீர்ந்துவிடாது.

ஏனென்றால் அந்த மண்ணில் இன்னொன்றும் நடந்தது. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த நேரம் பார்த்து அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் பிகினி என்ற தீவின் மக்களிடம் வந்து, அவர்களை இஸ்ரவேல் மக்களோடு ஒப்பிட்டுப் பேசி, மனித குலத்தின் நன்மைக்காகத் தீவைக் கொடுங்கள் என்று கேட்டார். 167 பேர் கிளம்பினார்கள். 1958 வரை பிகினியிலும் எனெவெடக் என்ற இன்னொரு தீவிலும் 67 அணுகுண்டு சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1 அன்று வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கெலாப் என்ற தீவில் ஆட்கள் மேலேயே விழுந்தது. மார்ச் 1 அங்கே அரசு விடுமுறை, ஜனவரியில் பள்ளி திறந்தால் சீக்கிரமே வந்துவிடும். அதற்குள் உங்களுக்கு இஸ்ரவேல் மக்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதையான யாத்திராகமம் எடுக்க நேர்ந்தால், அந்தக் கதையை ஒருமுறை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

ஜூன் விஷயத்தில்தான் எனக்குச் சொந்த அனுபவம். நான் ஏழாவது படித்தபோது எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அக்கா மூன்று மாதம் இங்கிலீஷ் சொல்லித்தர வந்தார். புரிந்ததா என்று கேட்பார், நாங்கள் நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம், அவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு அதே பாடத்தை மறுபடி நடத்துவார். நல்ல மனுஷி, போனபோது அழுதோம். அடுத்த வருஷம் இன்னொருவர் வந்து 'உன் பெயர் என்ன' என்பதிலிருந்து ஆரம்பித்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மூன்று வருஷத்தில் பெயர் சொல்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை, இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. போனவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, ஒருவரும் அடுத்தவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்காமல் போனார்களே என்றுதான்.

அதனால் இந்த விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பிள்ளை எதுவரை வாசிக்கும், யாருக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது, எது காலையில் சாப்பிடாமல் வருகிறது, யார் பாட்டி வீட்டில் வளர்கிறது என்று எழுதுங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று அடுத்து வருகிறவருக்கு, இன்னொன்று அங்கேயே இருக்கப்போகிற உள்ளூர் ஆசிரியருக்கு. அவரிடம் இப்போதே காட்டித் திருத்தச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியாதது அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

முதல் பக்கத்தில் அந்தப் புருவத்தை எழுதுங்கள். வருகிறவருக்கு மூன்று வாரம் மிச்சம்.