ஆட்டாப் பாண், வெள்ளைப் பாண் – கடிதம்

அன்புள்ள அக்கா,

தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 61. போன மாதம் கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். "பாணைக் குறையுங்கோ" என்று மட்டும் நேர்ஸ் சொன்னா. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் பாண்தான். நான் வேலை விட்டு வரும் வழியில் இரண்டு றாத்தல் வாங்கி வந்து, ஒரு சம்பல் இடித்தால் சமையல் முடிந்தது. இப்போது அம்மாவுக்கென்று தனியாக ஆட்டாப் பாண் வாங்குகிறேன். விலை கூட. சீனி வருத்தக்காரர் அதை எவ்வளவும் சாப்பிடலாம் என்கிறார் பேக்கரிக்காரர். பக்கத்து வீட்டு மாமியோ, "ரெண்டும் ஒரே மாதான், நீ நிறத்துக்குக் காசு குடுக்கிறாய்" என்கிறா. யார் சொல்வது சரி? என் மகனுக்கு நாலு வயது. அவனுக்கும் ஆட்டாப் பாணையே கொடுக்கட்டுமா?

அன்புடன்,
உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

மாமி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவ சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது.

எங்கள் அப்பாவுக்கும் சீனி வருத்தம். அவருக்கென்று மண்ணிறப் பாண் ஒன்றை ஒரே கடையில் இரண்டு வருடம் வாங்கினோம். வெள்ளைப் பாணைவிட விலை கூட என்றாலும் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. பிறகு கோயில் சடங்குக்குப் பணிஸ் சொல்வதற்காக ஒரு பின்னேரம் அந்தக் கடையின் பின்பக்கம் போனேன். போறணைக்குப் பக்கத்தில் மாக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கில் இருந்து கொட்டியது வெள்ளைக் கோதுமை மா. குழைக்கிறவர் தட்டில் இருந்த ஒரு போத்தலை எடுத்து, கறுப்புப் பாகு கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். சீனியைக் கருக்கிக் காய்ச்சுகிற பாகு அது. நாலு தரம் புரட்டியதும் மா முழுக்க ஒரே பழுப்பு நிறமாகி வந்தது. அதுதான் அப்பாவின் பாண். வீட்டுக்கு வந்து இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக நல்லதைத்தான் சாப்பிடுகிறோம் என்று நம்பி, ஒரு துண்டுக்கு மூன்று துண்டாகச் சாப்பிட்ட மனிதர் அவர்.

எல்லாப் பேக்கரியும் இப்படி என்று சொல்லமாட்டேன். தவிட்டோடு அரைத்த மாவைக் கலந்து நேர்மையாகச் சுடுகிறவர்களும் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு துண்டை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தவிடு உள்ள பாணில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், நிறம் ஒரே சீராக இராது. விரலால் நசுக்கினால் கொஞ்சம் சொரசொரப்பும் தெரியும். நிறையையும் கவனியுங்கள். பாணை உப்ப வைக்கிற பசையைத் தவிட்டுத் துணுக்குகள் இடையிடையே வெட்டிவிடுவதால், முழுக்கத் தவிட்டு மாவில் சுட்ட பாண் அடர்ந்து கனமாகத்தான் வரும். பஞ்சு போல எழும்பி, புள்ளியே இல்லாமல், தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பைக்கற்றில் வருகிற பாண் என்றால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அளவில் கூடியது முதலில் எழுதப்பட்டிருக்கும். அங்கே முதலில் கோதுமை மாவும் கடைசியில் நிறமூட்டியும் இருந்தால் மாமி சொன்னதுதான் சரி. பைக்கற் இல்லாமல் கடையில் விற்கிற பாணுக்குப் பட்டியல் கிடையாது. ஆட்டா மா எவ்வளவு, கோதுமை மா எவ்வளவு என்று வாய் திறந்து கேளுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர்கள் மைதா என்பதைத்தான் நாங்கள் கோதுமை மா என்கிறோம். அவர்கள் கோதுமை மாவு என்பது எங்களுக்கு ஆட்டா மா. இரண்டும் ஒரே கோதுமைதான். மணியில் எதை எடுத்துவிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். கோதுமை எங்கள் நாட்டில் விளைவதுமில்லை. கப்பலில் வந்து திருகோணமலையில் பிறிமா ஆலை மாதிரி இடங்களில் அரைபட்டுத்தான் எங்கள் கடைக்கு வருகிறது.

ஒரு கோதுமை மணியின் நிறையில் ஏறத்தாழ 14 வீதம் வெளித் தவிடு. இரண்டு மூன்று வீதம் முளை. மீதி முழுக்க உள்ளே இருக்கிற மாச்சத்து மூட்டை. வெள்ளை மா அரைக்கும்போது தவிடும் முளையும் கழிந்துவிடுகின்றன. 100 கிலோ கோதுமையில் 75 கிலோ அளவில்தான் வெள்ளை மா கிடைக்கும். கழிந்த தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகப் போகிறது. நார்ச்சத்து, இரும்பு, மக்னீசியம், நாகம் (சிங்க்), பி விற்றமின்களில் பெரும்பங்கு அந்தக் கழிவோடுதான் போகிறது. முளையில் எண்ணெயும் விற்றமின் ஈயும் உண்டு. அந்த எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டா மா எங்கள் வெக்கைக்குச் சீக்கிரம் கசந்து போகிறது. வாங்கினால் கொஞ்சமாக வாங்கி, இறுக்கமாக மூடி வையுங்கள்.

எண்ணில் சொன்னால், 100 கிராம் வெள்ளைப் பாணில் நார்ச்சத்து ஏறத்தாழ இரண்டரைக் கிராம். உண்மையான முழுத் தவிட்டுப் பாணில் ஆறு ஏழு கிராம். வெள்ளைப் பாணில் உள்ள மக்னீசியம், தவிட்டுப் பாணில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலச்சிக்கலுக்கும் இருதயத்துக்கும் இந்த வித்தியாசம் பெரியது. பல வருடமாக முழுத் தானியம் சாப்பிடுகிறவர்களில் சீனி வருத்தம் புதிதாக வருவது குறைவு என்று பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் "ரெண்டும் ஒண்டுதான்" என்று மாமியோடு சேர்ந்து நான் சொல்லமாட்டேன்.

இந்தத் தவிட்டுச் சங்கதி எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. 1890களில் யாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் காலிழுத்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். கால் கை சோர்ந்துபோகிற பெரிபெரி நோய்க்குக் காரணம் தவிட்டில் உள்ள பி விற்றமின் கிடைக்காததுதான் என்பது அங்கிருந்துதான் பிடிபட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் அம்மம்மாவோ நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துத்தான் குத்தக் கொடுப்பா. அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி விற்றமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அவவுக்கு விற்றமின் என்ற சொல்லே தெரியாது.

இனி அம்மாவின் சீனிக்கு வருகிறேன். பேக்கரிக்காரர் சொன்னது பிழை. ஆபத்தான பிழையும்கூட.

ஒரு சாப்பாடு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளக்க ஒரு சுட்டெண் இருக்கிறது. வெறும் குளுக்கோசுக்கு 100. பல ஆய்வுகளின் சராசரியில் வெள்ளைப் பாணுக்கு 75, முழுக் கோதுமைப் பாணுக்கு 74. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். முதன்முதல் இந்த எண்களைப் பார்த்தபோது நானும் நம்பவில்லை. காரணம் விளங்கினால் நம்பலாம். தவிட்டையும் சேர்த்துப் பவுடராக அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் வேகவைத்துவிட்டோம். மாச்சத்தைச் சுற்றி இருந்த மதில் இடிந்துபோனது. தவிடு உள்ளே இருக்கிறது, ஆனால் காவல் நிற்கவில்லை. உடையாத மணிகள் நிறையப் போட்ட பாணில்தான் அந்த எண் ஐம்பதுகளுக்கு இறங்குகிறது. எங்கள் பக்கம் அப்படிப் பாண் கண்டதில்லை.

ஆகவே அம்மா எந்தப் பாணைச் சாப்பிடுகிறா என்பதைவிட எவ்வளவு சாப்பிடுகிறா, எதோடு சாப்பிடுகிறா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு றாத்தல் 450 கிராம். அரை றாத்தலில் வெள்ளைப் பாண் என்றால் 110 கிராம் அளவுக்கு மாச்சத்து. ஆட்டாப் பாண் என்றால் 100க்குக் கொஞ்சம் கீழே. எவ்வளவும் சாப்பிடலாம் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 30 கிராம் மெல்லிய துண்டு இரண்டு என்றால் 30 கிராம் மாச்சத்தோடு நின்றுவிடும். மிச்சப் பசிக்குப் பருப்பைக் கூட்டுங்கள். அதே சுட்டெண் பருப்புக்கு முப்பதுகளில்தான் இருக்கிறது. ஒரு கோப்பை கட்டிப் பருப்பு, ஒரு முட்டை அல்லது சூடை மீன் குழம்பு, கொஞ்சம் வல்லாரைச் சம்பல், அதோடு இரண்டு துண்டுப் பாண். இந்தத் தட்டில் பாண் வெள்ளையா மண்ணிறமா என்பது இரண்டாவது கேள்விதான். வேலையால் வந்து இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். காலையில் பருப்பைக் கூடுதலாக அவித்து வையுங்கள், இரவுக்குத் தாளித்தால் போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அம்மா குளிசை போடுகிறா. பாணை ஒரே நாளில் பாதியாக வெட்டினால், குளிசையைப் பொறுத்து, சீனி சட்டென்று இறங்கித் தலை சுற்றவும் கூடும். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லிவிட்டு, படிப்படியாகக் குறையுங்கள்.

தவிட்டுப் பாணில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தவிட்டில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற பைற்றிக் அமிலமும் அங்கேயே இருக்கிறது. மா நன்றாகப் புளித்தால் அந்தப் பிடி தளரும், அவசர அவசரமாக எழுப்பிச் சுட்டால் தளராது. எங்கள் தேங்காய்ச் சம்பலில் தேசிக்காய் பிழிகிறோமே, அந்தப் புளி இரும்பு உடம்பில் சேர உதவி செய்கிறது. சாப்பாட்டோடு குடிக்கிற பிளேன்ரீ அதைத் தடுக்கிறது. பாணும் பிளேன்ரீயும் என்று ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு சொல். 100 கிராம் பாணில் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு உண்டு, எந்த நிறமானாலும். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிற்க வேண்டும். மாசிச் சம்பலையும் கருவாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரவுச் சாப்பாட்டிலேயே பெரும்பங்கு போய்விடும். அம்மாவுக்குப் பிறசரும் இருந்தால் இதையும் கவனியுங்கள்.

மகனுக்கு இரண்டில் எதையும் கொடுக்கலாம். நாலு வயதில் வயிறு சின்னது. தவிட்டால் வயிறு சீக்கிரம் நிறைந்து முட்டையும் பாலும் மீனும் உள்ளே போகாமல் விடக்கூடாது, அவ்வளவுதான். அவனுக்குப் பழக்க வேண்டும் என்றால் கிழமையில் இரண்டு நாள் குரக்கன் (கேழ்வரகு) பிட்டு அவியுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். சிவப்பரிசி மாப் பிட்டும் பயற்றங்கறியும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே சமையலாகும், அளவு மட்டும் வேறு. "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று சொல்கிற ஊரில், கூடுதல் காசு கொடுத்து நிறம் வாங்கிச் சாப்பிடுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை. சீனி பார்க்கிற மெஷின் வீட்டில் இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஊசியும் பட்டியும் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருநாள் இரவு ஆட்டாப் பாண் இரண்டு துண்டும் சம்பலும் மட்டும். இன்னொரு நாள் வெள்ளைப் பாண் இரண்டு துண்டோடு பருப்பும் முட்டையும். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் இரண்டு நாளும் பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா