ஒரு வாரம் பள்ளி இல்லை; 9 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே நாளுக்கொன்றாக என்னென்ன ஏழு கற்றல் செயல்பாடுகள் தரலாம்?

நாளுக்கொரு செயல்பாடு என்று ஏழு கேட்டிருக்கிறீர்கள். அந்த ஏழைத்தான் முதலில் குறைக்கச் சொல்வேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழு வேலைகளைக் கொடுத்தால் மூன்றாம் நாளே பிள்ளைக்குச் சலித்துவிடும், உங்களுக்கும் பொருள் தேடியே பொழுது போய்விடும். வாரம் முழுக்க மெதுவாக நடக்கும் இரண்டு சோதனைகளை முதல் நாளே தொடங்கிவிட்டு, இடையிடையே மூன்று நான்கு சின்ன வேலைகளைச் செருகினால் போதும். காலையில் 40 நிமிடம், மாலையில் 20 நிமிடம். இந்த வயதில் அதற்குமேல் இழுத்தால் கவனம் கலைந்துவிடும்.

ஒரு நோட்டு வேண்டும். இடப்பக்கம் கணிப்பு, வலப்பக்கம் அளந்தது. கணிப்பைப் பேனாவில்தான் எழுத வேண்டும். பென்சிலில் எழுதினால் விடை தெரிந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். அளப்பதற்கு முன் கணிப்பை எழுதியே ஆக வேண்டும் என்ற இந்த ஒரு விதியைத்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் நாள் காலை, பச்சைப்பயறு. உடையாத, ஓட்டையில்லாத விதைகள் 50. பிளந்த பருப்பு முளைக்காது. ஐந்து கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் 10 விதை. பத்து என்பதில் காரணம் உண்டு: ஒரு விதை முளைத்தால் 10 சதவீதம் என்று விழுக்காடு தானாக வந்துவிடும். நான்கு கிண்ணங்களுக்கான விதைகளை முந்தின இரவே எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஐந்தாவது கிண்ணத்துக்கு உலர்ந்த விதை, உலர்ந்த பஞ்சு. மற்றவற்றில் முதலாவது, ஈரப் பஞ்சில் ஜன்னலோரம். இரண்டாவது, ஈரப் பஞ்சில் இருட்டு அலமாரி. மூன்றாவது, ஈரப் பஞ்சில் குளிர்பதனப் பெட்டி. நான்காவது, விதைக்கு மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நிற்கும்படி தண்ணீர்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். கிண்ணத்தைச் சாய்த்தால் ஓரத்தில் நீர் தேங்கக் கூடாது, தேங்கினால் வடித்துவிடுங்கள். விதைக்கும் மூச்சு உண்டு, காற்று எட்டாவிட்டால் அழுகும். நான்காவது கிண்ணம் காட்டப்போவதும் இதைத்தான்: முளை இலேசாக எட்டிப் பார்த்து நின்றுவிடும், இரண்டு மூன்று நாளில் நீர் கலங்கி நாறத் தொடங்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், நாற்றத்தையும் நோட்டில் எழுதட்டும்.

ஐந்தாம் நாள் வாக்கில் வேடிக்கை. இருட்டில் வளர்ந்தது ஜன்னலோரத்தில் வளர்ந்ததைவிட உயரமாக நிற்கும். “அப்படியானால் செடிக்கு வெளிச்சம் வேண்டாம்” என்று பிள்ளை சொல்லும். உடனே திருத்த வேண்டாம். தண்டின் நிறம், பருமன், இலையின் அளவு மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இருட்டுச் செடி விதையிலிருந்த சேமிப்பையெல்லாம் செலவழித்து, வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கிறது. வெளுத்து, மெலிந்து, இலை விரியாமல் இருக்கும். இன்னொரு கேள்வியும் இங்கே உண்டு: குளிர்பதனப் பெட்டிக் கிண்ணத்தை எதோடு ஒப்பிட வேண்டும்? ஜன்னலோரக் கிண்ணத்தோடு அல்ல. பெட்டிக்குள்ளும் இருட்டுத்தானே! அலமாரிக் கிண்ணத்தோடு ஒப்பிட்டால்தான் வெப்பநிலை ஒன்று மட்டும் மாறியிருக்கும். இதைப் பிள்ளையே கண்டுபிடித்தால் வாரத்தின் பாதி வேலை முடிந்தது.

அளக்கும்போது வேர் சுருண்டிருக்கும். அளவுகோலை நேரே வைத்தால் குறைவாகக் காட்டும். நூலை வளைவின் மேல் படியவைத்து, பிறகு நூலை அளக்க வேண்டும். பத்தையும் நீளவாரியாக அடுக்கி, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் உள்ள அளவை எடுத்தால் அதுவே இடைநிலை. சராசரி வேண்டாமா என்று கேட்பீர்கள். முளைக்காத ஒன்றிரண்டு விதை சராசரியைக் கீழே இழுத்துவிடும், அதனால் இங்கே இடைநிலைதான் நல்லது.

இரண்டாவது நீண்ட வேலை, நிழல். 10 சென்டிமீட்டர் நீளக் குச்சி, பெரிய அட்டை, சமதளம். நீளக் குச்சி நட்டால் துல்லியம் கூடும் என்று தோன்றும். ஆனால் சூரியன் புள்ளி அல்ல, ஒரு வட்டு. அதனால் நிழலின் நுனி எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் விழும். ஒரு மீட்டர் கம்புக்கு அந்த மங்கல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் குச்சிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர். குட்டைக் குச்சியின் நிழல் அட்டையைத் தாண்டியும் ஓடாது. குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் சிறு எடை கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அட்டை நகராமல் நான்கு மூலையிலும் கல். காலை 9 முதல் மாலை 3 வரை அரை மணிக்கொரு முறை நுனியில் புள்ளி, பக்கத்தில் நேரம்.

“நிழல் எப்போது மிகக் குட்டை?” என்ற கணிப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் 12 மணி என்றே எழுதுவார்கள். பெரும்பாலும் அப்படி வராது. கடிகாரம் ஒரு பெரிய நிலப்பரப்புக்கே பொதுவாக வைத்த நேரம். சூரியனோ ஒவ்வொரு தீர்க்கக்கோட்டையும் தனித்தனியே கடக்கிறது, ஒரு பாகைக்கு 4 நிமிட வித்தியாசம். உச்சிப்பொழுதையொட்டி நிழலின் நீளம் மிக மெதுவாகத்தான் மாறும், ஆகையால் எது மிகக் குட்டை என்று நேரே பார்த்துச் சொல்வதும் கடினம். அதற்கு ஒரு வழி: குச்சியின் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடம் ஒன்று, பிற்பகலில் தொடும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுப்புள்ளியைக் குச்சியோடு இணைத்தால் அதுவே வடக்கு-தெற்குக் கோடு. மேகம் மறைத்த நாளை விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். ஒரே வாரத்துக்குள் வேறுபாடு பெரிதாக இராது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நடுவில் ஒரு காலை பின்னத்துக்கு. 24 சென்டிமீட்டர் நீளத்தில் ஏழு காகிதப் பட்டைகள் வெட்டி, ஒன்றை முழுதாக வைத்துவிட்டு மற்றவற்றை 2, 3, 4, 6, 8, 12 சம பங்குகளாக அளவுகோலால் பிரியுங்கள். மடித்துப் பிரித்தால் மூன்றாகப் பிரிப்பது கோணலாகும். கையில் 30 சென்டிமீட்டர் அளவுகோல் இருக்கிறதே என்று 30-ஐ எடுத்துவிடாதீர்கள், எட்டில் ஒரு பங்கு 3.75 என்று வந்து பிள்ளை திண்டாடும். பிறகு ஒரே ஒரு கணக்கு: அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலதை மேலோடும் கீழதைக் கீழோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். பட்டைகளை ஒட்டிவைத்தால் 12 + 8 = 20 சென்டிமீட்டர், அதாவது ஆறில் ஐந்து. ஐந்தில் இரண்டோ 9.6 தான். கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று பிள்ளைக்கே உறைக்கும்.

ஊசல் ஒரு முழுக் காலையும் தகும். நூல், ஒரு இரும்பு நட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே அசையாத ஒரு பிடிப்பு. நீளம் என்பது பிடிப்பிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை. கொஞ்சமாக விலக்கி விட்டு, போய்த் திரும்பும் 10 ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தை எடுத்துப் பத்தால் வகுக்கவும். ஒரே ஆட்டத்தை அளந்தால் கடிகாரத்தை அமுக்கும் கைப்பிழையே அளவைக் கெடுத்துவிடும். விடும்போது “பூஜ்யம்” என்று தொடங்க வேண்டும். “ஒன்று” என்று தொடங்கினால் ஒன்பது ஆட்டமே எண்ணப்பட்டு, 10 வினாடி வர வேண்டிய இடத்தில் 9 வரும். அதிகம் நடக்கும் பிழை இதுதான். 25 சென்டிமீட்டருக்குப் பத்து ஆட்டம் சுமார் 10 வினாடி, 50-க்கு 14.2, 75-க்கு 17.4, ஒரு மீட்டருக்கு 20. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டே மடங்கு! நீளத்தையும் நேரத்தையும் வரைபடமாகப் போட்டால் கோடு நேராக வராமல் வளையும். நட்டுகளைக் கூட்டி எடையை மாற்றினாலும் நேரம் மாறாது, ஆனால் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் நீளமே கூடிவிடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோக்கவும்.

அன்று மாலை எழுத்து வேலையும் இதிலிருந்தே. ஊசல் செய்முறையைப் பிள்ளை எழுத வேண்டும். அதை வீட்டில் வேறொருவர் எழுதியபடியே செய்ய வேண்டும், ஊகித்து எதையும் நிரப்பக் கூடாது. “நூலைக் கட்டவும்” என்றிருந்தால் எங்கே என்று கேட்டு நிற்க வேண்டும். கட்டுரை எழுத மறுக்கும் பிள்ளைகூட இதை மூன்று முறை திருத்தி எழுதும். அந்த நேரத்தில் சந்திப்பிழையைத் தொடாதீர்கள். கடைசியாகத் திருத்தி எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அறையின் வரைபடத்துக்கு 1:20 அளவு வசதி: ஒரு மீட்டர் 5 சென்டிமீட்டராகும், நான்கு மீட்டர் அறை ஏ4 தாளில் அடங்கும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லுங்கள். அவை சமமாக வராவிட்டால் ஒன்று அறை கோணல், இல்லையென்றால் அளவுநாடா தொய்ந்திருக்கிறது. கட்டிலையும் மேசையையும் அதே அளவில் வெட்டி நகர்த்திப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி.

மற்ற மாலைகளில் 20 நிமிடம் வாசிப்பு. என்ன புத்தகம் என்பது பிள்ளையின் விருப்பம். அச்சிட்ட பயிற்சித்தாள் கட்டுகளை இந்த வாரம் எடுக்கவே வேண்டாம், அவை பள்ளியிலேயே போதும்.

ஏழாம் நாள் புது வேலை இல்லை. இடப்பக்கக் கணிப்புகளில் தவறிப்போனவற்றை வட்டமிட்டு, ஏன் அப்படி நினைத்தேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும். ஒரு நாள் தவறிவிட்டால் அறை வரைபடத்தை விடுங்கள், பின்னத்தை விடுங்கள். பயறுக்குத் தண்ணீர் தெளிப்பதையும் அளப்பதையும் மட்டும் விடக் கூடாது, விட்டுப்போன நாளின் அளவை மறுபடி எடுக்க முடியாது.