ஓர் ஓவியர் வரையும்போது அவருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? ஓவியம் மனிதர்களை இணைக்கிறது என்பது உண்மையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், கீழே விளக்கமாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: படகுக்குப் பெயர் எழுதுபவர்கள், சுவர் விளம்பரம் எழுதுபவர்கள் ஆகியோரின் பதில் வேண்டாம், அது கைத்தொழில், தான் கேட்பது கலையைப் பற்றி என்கிறார். அந்த வரி இல்லாதிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். நான் ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் என்ற ஊரைச் சேர்ந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வேலை கிடைப்பதற்கு முன்பும், வேலையில் இருந்த காலத்தின் கோடை விடுமுறைகளிலும், இன்று வரையிலும் படகுக்குப் பெயர் எழுதுபவன். ஆகவே, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன இடத்திலிருந்துதான் இந்தப் பதில் வருகிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நீங்கள் வரையத் தொடங்கியிருப்பீர்கள், மனத்தில் இருப்பது தாளில் வரவில்லை என்ற வருத்தத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இப்படிக் கேட்கத் தோன்றாது. அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. ஓவியத்துக்கான அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளும் தேறிய பிறகும் இருந்தது. அது தணிந்தது படகுக் கரையில்தான்.

கேட்டவருக்காகச் செய்து கொடுப்பது கலையாகாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு என் மாணவர்களைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னர்களின் ஆதரவில் வரையப்பட்ட ஓவியங்கள் அங்கே சுவர் நிறைய இருக்கின்றன. ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் இருக்கிறது, மன்னர் ஐரோப்பியரைச் சந்திப்பது இருக்கிறது, ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பதும் இருக்கிறது. எல்லாம் அரண்மனைக்காக வரைந்தவை. கேட்டவர் மன்னர், கொடுத்தது சுவர், கூலி வாங்கியவர் ஓவியர். அந்தச் சிவப்புப் பின்னணிக்கு முன்னால் நின்று, இது கைத்தொழில் என்று சொல்லிவிட்டு யாராலும் நகர முடியாது. என் படகெழுத்து அதற்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கேட்டுச் செய்வது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தள்ளிவிடக் கூடாது என்று மட்டுமே சொல்கிறேன்.

இனி, எனக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் கரையில் பெயர் எழுதும் பருவம் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இப்போது 61 நாட்கள், 2017க்கு முன்பு 45 நாட்களாக இருந்தது. அந்த நாட்களில்தான் படகுகள் கரையேறும். படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகள் மக்கிய பலகையை மாற்றுவார்கள், தண்ணீர் புகாதபடி இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள், பிறகு பிரைமர், பிறகு வண்ணம். எல்லோரும் முடித்த பின் கடைசியாக அழைக்கப்படுபவன் நான். அதற்குள் படகு முதலாளியான சம்மாட்டியின் கையில் பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும்.

நான் முதலில் சாக்பீஸை எடுப்பதில்லை. படகுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்பேன். மகள் பெயர் என்பார் ஒருவர், தாத்தாவின் வத்தை எனும் மரப்படகுக்கு இருந்த பெயர் என்பார் இன்னொருவர், நேர்ச்சை என்பார் வேறொருவர். அதைக் கேட்கும்போதே எழுத்தின் உடம்பு எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும்: தடித்த எழுத்தா, நீண்ட எழுத்தா, முனைகள் கூர்மையாக வேண்டுமா, உருண்டிருக்க வேண்டுமா என்று. நீங்கள் கேட்ட ‘உள்ளே நடப்பது’ எனக்கு இதுதான். வேறு எந்த ஆவேசமும் எனக்கு வந்ததில்லை. வருகிறவர்களும் இருப்பார்கள், அவர்களை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு நடப்பது முழுக்கப் பலகையோடு பேசுவது. உப்புக்காற்று ஓர் இரவு வீசினாலே பலகையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு படிந்துவிடும். நல்ல தண்ணீரில் துடைக்காமல், காயவிடாமல் எழுதினால் சில மாதங்களில் எனாமல் தோல் தோலாக உரியும். வெயில் ஏறிய பலகையில் எழுதினால் வண்ணம் மேலே காய்ந்து அடியில் காயாமல் சுருங்கிவிடும். ஆகவே காலை வெயில் சூடேறுவதற்கு முன் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம்.

படகின் முன்பகுதியான அணியத்தில் பெயர் எழுதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. படகின் இடப்பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து அணியத்தின் மூக்கை ஒட்டி நிற்கும். வலப்பக்கத்தில் கடைசி எழுத்து அங்கே நிற்கும். ஒரே பெயரானாலும் இரண்டு பக்கமும் இரண்டு வேலை. பலகை மேலே போகப் போக வெளிப்புறமாக விரிந்திருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து குள்ளமாகத் தெரியும். அதற்காகக் கிட்டத்தில் கோணலாகத் தோன்றும் அளவுக்கு உயரமாக எழுத வேண்டும். சாக்பீஸால் வரைவேன், முப்பது அடி பின்னால் போவேன், பார்ப்பேன், வந்து அழிப்பேன். பழைய நாட்களில் என் மாமா கரையில் உட்கார்ந்து, ‘இன்னும் கழுத்தை நீட்டுடா’ என்று கத்துவார். இந்த நடைதான் என் தியானம் என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஓவிய ஆசிரியர் விடுமுறையில் படகடியில் நிற்பது பள்ளியின் மதிப்புக்கு இழுக்கு என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திச் சொன்னார்கள். கூலி வாங்கியவர் என் மாமா, நான் அவருக்கு உதவியாகத்தான் நின்றேன் என்று சொல்லியும் பயனில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற ஆசிரியர்களில் பாதிப் பேர் வீட்டில் மாலை நேர டியூஷன் நடத்தியவர்கள். அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஓவியப் பாடவேளை கால அட்டவணையில் மட்டும்தான் இருந்தது, அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அது கணக்குப் பாடமாகிவிடும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் என்னிடம் கற்றுக்கொண்டதைவிடப் படகடியில் என் பக்கத்தில் வண்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆற்றாமையால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2022 புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்துநான்கு, இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் தன் தாயோடும் தம்பியோடும் என் வீட்டுக்கு வந்தார். தம்பி புதிதாக ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கியிருந்தான். அதற்கு ‘கடலரசி’ என்று பெயர் எழுத வேண்டும், ஆனால் அப்பாவின் விசைப்படகில் எழுதியிருந்தபடியே எழுத வேண்டும் என்றார். அந்தப் படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப் போயிருக்கிறது. ஆட்கள் திரும்பினார்கள், படகு திரும்பவில்லை. அங்கேயே ஒரு துறையில் நின்று மக்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அவருடைய தந்தை கூலிக்குக் கடலுக்குப் போனார், சில ஆண்டுகளில் இறந்தும் போனார்.

அவர்களிடம் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் படகுக்கு முன்னால் நின்று எடுத்தது. முன்னால் நிற்பவர்களின் தலைகள் ‘கடல’ என்பதை மறைத்திருந்தன, ‘ரசி’ மட்டும் தெரிந்தது. அந்தச் ‘சி’யைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ‘சி’யின் மேல்விலங்கு, அதாவது எழுத்தின் தலைமேல் வளையும் கோடு, வழக்கமாக முடியும் இடத்தில் முடியாமல், கீழே இறங்கி, அணியத்தின் பக்கமாக வெளியே வளைந்து, நுனி மேல்நோக்கி முறுக்கி நின்றது. அது என் கை. 2003இல், மாமா படுக்கையில் இருந்த ஆண்டு, நான் தனியாக எழுதிய முதல் சில படகுகளில் ஒன்று.

அந்த முறுக்கு எப்படி வந்தது என்பதும் அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு போல்ட் தலை இருந்தது. பட்டி வைத்து மூடி, பிரைமர் அடித்து, இரண்டு கை வண்ணம் கொடுத்தும் துரு கசிந்து வெளியே வந்துகொண்டே இருந்தது. பெயரைப் பின்னால் தள்ளலாம் என்றால் அந்தப் பக்கம் தண்ணீர் வெளியேறும் ஓட்டை. போல்ட்டைச் சுற்றி உள்பக்கமாகச் சுழித்தால் ‘சி’ என்பது ‘சீ’ ஆகிவிடும். வேறு வழியில்லாமல் வெளிப்பக்கமாக வளைத்து, போல்ட்டைச் சுற்றி நுனியை மேலே ஏற்றி முடித்தேன். ஒரு குறையை மறைப்பதற்காகச் செய்த வேலை அது. அழகுக்காகச் செய்ததில்லை. இன்னும் சொல்லப்போனால், மாமா எழுந்து வந்து பார்த்தால் திட்டுவாரே என்று பயந்துகொண்டு செய்தது.

அந்தப் பெண் சொன்னார்: “அது அப்பா மீசை சார். சின்னப் புள்ளையில என்னைத் தூக்கிக் காட்டுவாங்க. இந்தா பாரு, கடலரசிக்கு அப்பா மீசைன்னு.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. அது நேர்மையில்லை என்று இதைப் படிக்கும் சிலர் நினைக்கலாம். பிறகு ஒருநாள் சொன்னேன், அவர் சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று அந்த முறுக்கு என்னுடையதில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் அதைப் போல்ட்டாகப் பார்த்த ஒரு பிற்பகலைத் தவிர, மீதி ஆண்டுகள் முழுவதும் அது மீசையாகத்தான் இருந்திருக்கிறது.

வள்ளத்தில் எழுதுவதற்கு முன், ஃபைபரின் வழவழப்பு போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இல்லாவிட்டால் எனாமல் பிடிக்காது. தம்பிதான் தேய்த்தான். இரண்டு பக்கமும் சாக்பீஸால் வரைந்தேன். ஆசிரியன் அல்லவா, இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்ற புத்தியில், இடப்பக்கத்துச் ‘சி’க்கும் ஒரு முறுக்கு வைத்தேன். அந்தப் பெண் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

“சார், ரெண்டு பக்கமும் வேணாம். அந்தப் பக்கம் மீசை கெடையாது.”

“ஏன்மா, ஒரே மாதிரி இருந்தா நல்லாத்தானே இருக்கும்?”

“இல்ல சார். நான் கேட்டிருக்கேன், அந்தப் பக்கம் ஏம்பா மீசை இல்லன்னு. அந்தப் பக்கம் அம்மான்னு சொல்வாங்க.”

இடப்பக்கத்தில் ‘சி’ அணியத்திலிருந்து தள்ளி, போல்ட் எதுவும் இல்லாத வெறும் பலகையில் விழுந்தது. அதனால்தான் 2003இல் அங்கே முறுக்கு இல்லை. அதற்கு ஒரு மனிதர் தன் மகளுக்குச் சொன்ன காரணம் இது. நான் சட்டையின் முனையால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். அந்தத் தாய் வள்ளத்தின் மறுபக்கம் மணலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

வலப்பக்கத்தை மறுநாள் காலையில் மஞ்சள் எனாமலில் எழுதி முடித்தேன். முறுக்கு வரும் இடத்தில் முக்கால் இஞ்ச் பிரஷை மாற்றிச் சிறிய பிரஷை எடுத்தேன். ஃபைபரில் போல்ட் இல்லை, சுற்றிக் கடந்துபோக எதுவும் இல்லை. ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒதுங்கிய அதே இடத்தில் கை ஒதுங்கி, ஒரு காசு அளவுக்கு வெற்றிடம் விட்டு வளைந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

எழுதி முடித்து டர்பன்டைனில் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் எழுந்து வந்தார். முதல் நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. எழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முறுக்கின் நடுவிலிருந்த வெற்றிடத்தை, வண்ணத்தில் படாமல் விரலால் சுட்டிக்காட்டினார்.

“இதுக்குள்ள ஒரு செவப்புப் பொட்டு இருக்கும்ல, வாத்தியாரே?”

ரெட் ஆக்சைடில் இரண்டு சொட்டுக் கறுப்பு கலந்தேன். துருவின் நிறம் வருவதற்கு மூன்று முறை கலக்க வேண்டியிருந்தது. அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் வைத்தேன்.