அறுவடைக் காலத்தில் மட்டும் வகுப்புக்கு வரும் சிறுமி: தங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். பண்ணை வேலைக்கு வந்துள்ள குடும்பத்தின் பத்து வயதுச் சிறுமிக்கு வகுத்தல் தெரியவில்லை என்பதால், அவளை இரண்டு வகுப்பு கீழே அமர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார வைக்கப்படும் பிள்ளை கூச்சத்திலேயே பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடும்.

வேலைக்காக ஊர் ஊராகச் செல்லும் இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பின்தங்கியிருப்பதில்லை. பெருக்கலை ஓர் ஊரில் கற்று, பின்னம் நடக்கும்போது வேறோர் ஊரில் சேர்ந்த குழந்தைக்கு நடுவிலுள்ள வகுத்தல் மட்டும் விடுபட்டிருக்கும். ஆகவே வயதுக்குரிய வகுப்பிலேயே வைத்து, மதிப்பெண் இல்லாமல் ஒரு பத்தியை வாசிக்கவும் சில கணக்குகளைப் போடவும் சொல்லி, எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். வீட்டு மொழி வேறு என்றால், எண்கள் மட்டுமே கொண்ட கணக்குகளையும் சேர்த்துக் கொடுங்கள். தெரியாதது கணக்கா, கேள்வியின் மொழியா என்பது அப்போதுதான் விளங்கும்.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இப்பிள்ளைகளுக்கென ஒரு கல்வித் திட்டம் ஏற்பட்டது. மாணவர் பதிவுகளை மாநிலங்கள் இன்று மின்னணு முறையில் பகிர்ந்துகொள்கின்றன. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் நீங்கள் எழுதித் தரும் தாளே ஆவணம். எந்தப் பாடம் வரை முடித்தாள், எதில் தடுமாறுகிறாள் என்பதை வாரந்தோறும் குறித்து, ஒரு படியைப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். குடும்பம் கிளம்பும் நாள் பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது.