இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள ஐயா,

நொய்டாவில் வேலை பார்க்கிறேன். வயது 24. மயூர் விஹாரில் நண்பன் ஒருவனோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இருவருமே ‘டாக்டர் ஹூ’ என்ற பிபிசி அறிவியல் புனைவுத் தொடரின் பைத்தியங்கள். போன மாதம், அதன் நாயகன் டாக்டராக மாறி மாறி நடித்த எல்லோரையும் தரவரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டேன். முதலிடம் டேவிட் டென்னன்ட், இரண்டாமிடம் பீட்டர் கபால்டி. அவனுக்கு அது தலைகீழாக இருக்க வேண்டுமாம். பேச்சு முற்றிப்போய் பதினெட்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிலிண்டர் தீர்ந்தால்கூட வாட்ஸ்அப்பில்தான் தகவல். கருப்பு வெள்ளைக் காலத்து இரண்டு பேரைக் கடைசியில் போட்டேன். முதல் தாத்தாவை இரண்டு எபிசோடு பார்த்தேன், தூக்கம் வந்துவிட்டது. இரண்டாவது ஆளைப் பார்க்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், டென்னன்டா கபால்டியா? தமிழில் ஏன் இப்படி ஒரு தொடர் வரவில்லை? நமக்குக் கற்பனைப் பஞ்சமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை ஆறு மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார். விடுங்கள், எழுதுகிறவன் எழுதுவான்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது வேறு ஒரு வரி. ‘இரண்டாவது ஆளைப் பார்க்கவில்லை.’ பார்க்காத ஆளுக்கு எப்படிக் கடைசி இடம் கொடுத்தீர்கள்? பரீட்சைக்கு வராத பையனுக்குப் பூஜ்யம் போட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. அவர் எழுதியிருக்கிறார். பேப்பரைப் பிரிக்காமலே மார்க் போட்டது நீங்கள். போன மாதம் முழுக்க ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அந்த இரண்டாவது ஆளின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் உங்கள் அறைச் சண்டையில் எனக்கு என்ன வேலை?

முதலில் அந்தத் ‘தாத்தா’. 1963இல் டாக்டர் வேஷத்தை ஏற்றபோது வில்லியம் ஹார்ட்னெலுக்கு வயது 55. உங்கள் அப்பாவுக்கு என்ன வயது? முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு 24, உங்கள் வயதுதான். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட்டுக்கு 27. இந்தச் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த முதல் பகுதி ஒளிபரப்பானது நவம்பர் 23ஆம் தேதி, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். எவன் கதை கேட்கும் மனநிலையில் இருந்திருப்பான்? அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதல் பகுதியை இன்னொரு தடவை போட்டார்கள். உங்களுக்குத் தூக்கம் வந்தது அதைப் பார்த்துத்தான். போகட்டும், நொய்டா வேலை களைப்பு.

மூன்று வருடத்தில் ஹார்ட்னெலுக்கு உடம்பு கெட்டது. ரத்தக் குழாய் இறுகும் நோய். வசனம் மனசில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் மெகா சீரியல்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும். ஒரு நாள் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவார். மறுநாள் வேறு ஒரு பெண்மணி அதே கதவைத் திறந்துகொண்டு வருவார். கீழே ஒரு வரி ஓடும், ‘இவருக்குப் பதில் இவர்’. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். மருமகள்கூட. லண்டன்காரர்கள் அந்த வரியையே கதையாக்கிவிட்டார்கள். 1966 அக்டோபரில், எல்லோர் கண்ணெதிரிலும் கிழவர் தரையில் விழுகிறார், முகம் வெளிச்சத்தில் கரைகிறது, வேறு ஒரு முகம் வருகிறது. அது பேட்ரிக் டிரவுட்டன்.

அந்தப் பகுதியின் படச்சுருள் இன்று இல்லை. பழைய நிகழ்ச்சிகளை வைத்துக்கொள்வதற்குப் பிரயோஜனம் இல்லை என்று நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திய காலம். முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பித்தன, பிற்பாடு ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் காட்டுவதற்காக எடுத்துவைத்ததால். டிரவுட்டன் நடித்தவை 119 பகுதிகள். 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது கிடைத்தன என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் ஐம்பதுக்கு மேல் காணோம். ஆனால் குரல் முழுக்க இருக்கிறது, ஏன் தெரியுமா? அந்தக் காலத்து ரசிகர்கள், உங்களை மாதிரிப் பிள்ளைகள், வீட்டு டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து டேப்பில் பதிந்திருக்கிறார்கள். பட்டியல் போடுவதற்கு முன்னால் ரசிகன் செய்த வேலை அது.

நான் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய முதல் கதை, ‘பவர் ஆஃப் த டாலெக்ஸ்’. ஆறு பகுதி, ஆறுமே தொலைந்துபோனவை. புது ஆள் எழுந்திருக்கிறார். கூட வந்த பெண் அரைமனதாக நம்புகிறாள், பையன் நம்பவில்லை. பழைய டாக்டரின் மோதிரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறான். விரலில் நிற்காமல் கழன்று விழுகிறது. இவரும் ‘டாக்டர்’ என்று வேறு யாரையோ சொல்வதைப் போலச் சொல்கிறார். பிறகு ஒரு டாலெக் வருகிறது. அந்தத் தகர டப்பா எதிரி தன் கண்குழாயைத் திருப்பி இவரைப் பார்க்கிறது, பார்த்ததும் யாரென்று தெரிந்துகொள்கிறது. கூடவே இருந்தவன் சந்தேகப்பட்ட ஆளை எதிரி சந்தேகப்படவில்லை.

நம்மிடம் இருப்பது இதற்கு நேர் எதிர்க் கதை. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவது பொறுக்காமல் சிவயோகியார் அந்த உடம்புக்குள் புகுந்தார். பசுக்களுக்கு அது போதும், மேயப் போய்விட்டன. வீட்டில் காத்திருந்த மனைவிக்குத்தான் வினை. உடம்பு அதே உடம்பு, ஆள் வேறு. டாக்டர் விஷயத்தில் ஆள் அதே ஆள், உடம்பு வேறு. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1981 டிசம்பர். டெல்லி ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஷாமியானா போட்டு, செக்டர்க்காரர்களின் நாடகம். எனக்குப் பதினோரு வயது. ஒரே நாடகத்தை ஆறு வருடமாகப் போட்டார்கள். பண்ணையார், அவரை ஏமாற்றும் கணக்குப்பிள்ளை, நடுவில் ஒரு கல்யாணம். பண்ணையாராக நடித்தவரை நாங்கள் மினிஸ்ட்ரி மாமா என்போம். ஆறடி உயரம், கரகரத்த குரல். அவர் செருப்பு உரசும் சத்தம் கேட்டாலே முன்வரிசை கைதட்டும். அந்த அக்டோபரில் அவருக்கு குவாஹாட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. நாடகத்தை நிறுத்தலாம் என்றார்கள். யாரோ, ‘பிராம்ப்டருக்கு எல்லா வசனமும் மனப்பாடம்தானே’ என்றார்கள். பிராம்ப்டர் என் அப்பா. ஐந்தடி நாலங்குலம்.

மாமாவின் ஜிப்பா அப்பாவுக்கு முட்டி தாண்டித் தொங்கியது. கையைக் குட்டையாக்குகிறேன் என்று அம்மா ஊசி நூலோடு வந்தாள். அப்பா விடவில்லை. ‘அவர் திரும்பி வந்துட்டா?’ என்றார்.

(1987இல் சில்வெஸ்டர் மெக்காய் டாக்டராக வந்த கதை தெரியுமா? முந்தைய நடிகர் காலின் பேக்கரை நீக்கியிருந்தார்கள். முகம் மாறும் கதைக்கு மட்டும் வந்து போகக் கூப்பிட்டபோது அவர் மறுத்துவிட்டார். மெக்காயே பேக்கரின் உடையைப் போட்டு, சுருட்டை விக் வைத்துக்கொண்டு தரையில் கிடந்தார். தானே செத்துத் தானே பிறந்தார். இரண்டாவது ஆள் படும் பாட்டை ஏழாவது ஆளும் பட்டார்.)

குளிரென்றால் குளிர். ஜனங்கள் ரஜாயைப் போர்த்திக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். திரை விலகி அப்பா நடந்து வந்தார். செருப்பு உரசவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல், ‘எங்கய்யா எங்க பண்ணையார்?’ சிரிப்பு. அப்பாவுக்கு வசனம் போய்விட்டது. ஆறு வருடம் அடுத்தவருக்கு எடுத்துக்கொடுத்த வசனம். சைடு விங் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. ஜிப்பா கை விரல்நுனி வரை தொங்க, அவர் நின்ற அந்த நேரத்தை நான் இன்றைக்கும் அளந்து சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளையாக நடித்தவர் பண்ணையார் வேஷம் தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தவர். ரிகர்சல் பூராவும் அப்பாவின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துத்தான் பேசினார். அவர் வர வேண்டிய காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. திடீரென்று உள்ளேயிருந்து ஓடிவந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடம்பு நடுங்க, ‘எஜமான் கூப்பிட்டீங்களாமே’ என்றார். மினிஸ்ட்ரி மாமாவுக்கு முன்னால் நடுங்கிய அதே நடுக்கம். அப்பா அவரைப் பார்த்தார். ‘உட்காருய்யா’ என்றார். அது வசனத்தில் இல்லாதது. அதற்கப்புறம் நாடகம் ஓடியது.

மூன்றாவது ஆளிலிருந்து எல்லாருக்கும் முன்னால் ஒரு தடம் இருக்கிறது. டாம் பேக்கர் ஏழு வருடம் அந்த நீளக் கழுத்துத்துணியோடு திரிந்ததும், ஜோடி விட்டேக்கர் என்ற பெண் டாக்டரானதும், ஐந்தாவது டாக்டரான பீட்டர் டேவிசனுக்கு உங்கள் டென்னன்ட் நிஜ வாழ்க்கையில் மாப்பிள்ளையானதும் எல்லாம் அந்தத் தடத்தில் வந்தவைதான். முதல் ஆள் நன்றாக நடித்தால் போதும். இரண்டாவது ஆள், முதல் ஆள் இல்லாமலும் இந்த வேஷம் உயிரோடு இருக்கும் என்று காட்டியாக வேண்டும். டிரவுட்டன் அந்த ஆறு வாரத்தில் தோற்றிருந்தால் 1966லேயே கடை மூடியிருக்கும். டென்னன்ட் ஏது, கபால்டி ஏது? பட்டியல் போட உங்களுக்குப் பெயர்கள் இருப்பதே அந்த மனுஷன் போட்ட பிச்சை. அவரைக் கடைசியில் வைத்தீர்கள்.

அப்பாவையும் அப்படித்தான் வைத்தார்கள். மறுவாரம் மலை மந்திரில் பிரகாரம் சுற்றும்போது ஒருவர் நிறுத்தி, ‘நல்லாத்தான் பண்ணீங்க, ஆனா அவர் மாதிரி வருமா?’ என்றார். அப்பா ‘வராதுதான்’ என்று சொல்லிவிட்டு சுற்றை முடித்தார். அடுத்த டிசம்பரும் அதே ஜிப்பா, அதே நீளம்.

அதற்கடுத்த வருடம் மினிஸ்ட்ரி மாமா லீவில் வந்திருந்தார். முன்வரிசையில் மஃப்ளரோடு உட்கார்ந்து முழு நாடகமும் பார்த்தார். இடைவேளையில் உள்ளே வந்தார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், வேஷத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் வலது கையைப் பிடித்து ஜிப்பாக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். பிறகு இடது கை. ‘நீளமா இருக்கே, சொல்லக் கூடாதாய்யா’ என்றார்.

டென்னன்டா கபால்டியா என்று கேட்டிருந்தீர்கள். கபால்டி. உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி. ஏனென்று எழுத இன்றைக்குப் பொழுதில்லை, அவனிடமே கேளுங்கள். சிலிண்டர் எப்போது வருகிறது என்பதையும் வாயைத் திறந்து கேளுங்கள்.